மீஞ்சூருக்கு முன்னாடி அனுப்பம்பட்டு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ராஜமாணிக்கத்தின் கால் வெந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் அவனுக்கு வேலை. உலையில் பழுத்து வெளியே வரும் இரும்புக் கட்டி, உருளைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து மெலிந்து, கடைசியில் நீளக் கம்பியாக ஓடிவரும். அதை இடுக்கியால் பிடித்துத் தடத்தில் திருப்பிவிட வேண்டும். வருடக்கணக்காகச் செய்த வேலைதான். அன்றைக்குக் கம்பி தடத்தை விட்டுத் துள்ளிவிட்டது. வளைந்து வந்து அவன் இடது பாதத்தின் மேல் படுத்தது. பூட்ஸ் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்த துளசிராமன்தான் அவனைத் தோளில் போட்டு வெளியே தூக்கி வந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப்போட்ட காலோடு அவன் வீடு திரும்பியபோது கவரைப்பேட்டை ஏரி நிரம்பி, கரையோரக் காலனிக்குள் தவளைகள் வந்துவிட்டிருந்தன. காலனியில் பாதி ஆண்கள் மில்லுக்குப் போகிறவர்கள், பாதிப் பெண்கள் கம்பெனிக்குப் போகிறவர்கள். இவர்களுடைய தாத்தாக்கள் ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சையில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது அந்த வயலைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. ஹாரன் கேட்கிறபோதெல்லாம் ராஜமாணிக்கம் தன்னையறியாமல் எழுந்திருக்கப் பார்ப்பான். கால் சுண்டி இழுக்கும். மறுபடியும் உட்கார்ந்துவிடுவான்.

மனைவி ஹெலன் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தாள். அவள் விடியலிலேயே கிளம்பிவிடுவாள். ஒரே மகள் பிரின்சி எல்.கே.ஜி. படித்தாள். காலையில் ஷேர் ஆட்டோவில் போய் மதியம் வந்துவிடும். பக்கத்து வீட்டில் ராஜமாணிக்கத்தின் அக்கா கிரேஸ் இருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். நாஷ்டா நேரம் முடிந்ததும் மிச்சம் மீதியைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துவந்து தம்பிக்கும் குழந்தைக்கும் கொடுப்பாள். கொடுக்கும்போதே ஏதாவது பேசிவிட்டும் போவாள்.

"ஆம்பள ஊட்ல, பொம்பள வேலைக்கு. நல்லா கீதுடா உன் கத."

"காலு வெந்துட்ச்சே, நான் இன்னா பண்றது?"

"நான் இன்னா சொன்னேன் இப்போ? சாம்பார ஊத்திக்கினு துன்னு."

இப்படியிருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். ஹெலன் அரை நாள் லீவு போட்டாள். ராஜமாணிக்கம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் நடந்து போனான். கல்பனா மிஸ் சின்னப் பெண். நாற்பது பிள்ளைகளைக் கத்திக் கத்தி மேய்த்ததில் குரல் கம்மியிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. பிரின்சிக்கு எதுவும் நிக்க மாட்டேங்குது. நேத்து சொல்லிக்குடுத்தது இன்னிக்கு இல்ல. மத்தவங்கல்லாம் ஏழெட்டு ரைம்ஸ் சொல்றாங்க. இவ வாயே தெறக்கறது இல்ல. காலைல இன்னாம்மா சாப்ட்டேன்னு கேட்டாக்கூட முழிக்கிறா."

"ஊட்ல நல்லாத்தான் மிஸ் வெளாடுது" என்றாள் ஹெலன்.

"வெளாடுறா, நான் இல்லைன்னு சொல்லல. இதே மாதிரி போனா அடுத்த வருஷமும் எல்.கே.ஜி.யிலயே வெச்சிடுவாங்க. கூடப் படிக்கிற பசங்கல்லாம் மேல பூடுவாங்க, இவ மட்டும் இங்கயே உக்காந்திருப்பா. அது புள்ளைக்குக் கஷ்டம். எதுக்கும் காது நல்லா கேக்குதான்னு டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டிடுங்க. ஊட்லயும் கொஞ்சம் ரைம்ஸ் சொல்லிக்குடுங்க. பாட்டுல வந்தா ஞாபகம் நிக்கும், பேச்சும் வரும்."

பிரின்சி அம்மாவின் துப்பட்டா நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றது. மூவரும் பேசுவது தன்னைப் பற்றித்தான் என்று அதற்குத் தெரிந்ததோ என்னவோ, தலையை நிமிர்த்தவேயில்லை.

காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது தெரிந்ததும் கிரேஸுக்கு வேறு காரணம் கிடைத்தது.

"பெத்தவ நாளு பூரா கம்பெனில நின்னா புள்ள யாரு மொகத்தப் பாத்துப் பேசும்? வேளாங்கண்ணிக்கு நேந்துக்கோ ஹெலனு. மொட்ட போடறேன்னு நேந்துக்கோ."

ஹெலன் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நாத்தனார் போன பிறகும் தலை குனிந்தபடியே ஒவ்வொரு மீனாகக் கிள்ளிப் போட்டாள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்குவதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா பேச்ச வுடு" என்றான் ராஜமாணிக்கம்.

"அண்ணி சொல்றதுல இன்னா தப்பு? நான் போறப்பவும் புள்ள தூங்குது, வர்றப்பவும் தூங்கி வழியுது."

"நான் கீறேன்ல ஊட்ல?"

"நீங்க செவுத்தப் பாத்துக்கினு கீறீங்க."

அது அவனுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். மழை பெய்கிறபோது மழையைப் பார்த்தான், விட்டபோது சுவரைப் பார்த்தான். பிரின்சி மதியம் வந்தால் சோறு போட்டுக் கையில் செல்போனைக் கொடுத்துவிடுவான். அது பார்த்தபடியே தூங்கிப்போகும்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டான். "ஏமே, உங்க கம்பெனில அத்தினி கலர் ஒயரு. எது எங்க போவணும்னு உனுக்கு எப்பிடி ஞாபகம் நிக்குது?"

"மொதல்ல எனுக்கும் நிக்கல. டிரெய்னிங்ல தெனம் திட்டு வாங்குவேன். அப்பால நானே ஒரு பாட்டு கட்டிக்கினேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

"இன்னா பாட்டு? சொல்லு."

"அய்ய, சும்மா கெடங்க."

"சொல்லுமே."

மீன் கையை அந்தரத்தில் நீட்டி, பலகையில் ஒயர் போடுகிற மாதிரியே ஆட்டிக்கொண்டு சொன்னாள்:

*"செவப்பு முன்னாடி, கறுப்பு பின்னாடி,*
*பச்சக்கு நடுவுல மஞ்சக் கண்ணாடி,*
*நீலத்த இழுத்து நெட்டுக்குத்தா மாட்டு,*
*வெள்ளைக்கு மட்டும் ஒரு சுத்து கூட்டு."*

"கை போற எடமும் பாட்டும் ஒண்ணா போவும். கைய ஆட்டாம சொல்லச் சொன்னா எனுக்கே வராது" என்றாள்.

ராஜமாணிக்கம் சிரித்தான். கால் வெந்த பிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் மதியம் அவன் செல்போனை அலமாரி மேல் வைத்துவிட்டு, பிரின்சியை எதிரே உட்காரவைத்து, பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாட்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னான். அது விழித்தது. அவன் சொல்லிப் பார்த்தான். அவனுக்கே பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாது. குழந்தை ஒரு தடவை உதட்டை அசைத்தது, பிறகு எழுந்துபோய்த் தவளை பார்க்க உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கும் மறுநாளும் அப்படியே போயிற்று. "எனுக்கே தெரியாதத அதுகிட்ட கேட்டா அது எங்கேந்து சொல்லும்?" என்று அவனுக்குத் தோன்றியது.

மழை ஓய்ந்த ஒரு நாள், தடியை ஊன்றிக்கொண்டு அதை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனான். தண்ணீரில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்தன. ஒன்றின் முதுகில் கொக்கு. ராஜமாணிக்கம் சிறுவயதில் காலனியில் திருவிழாவுக்கும் சாவுக்கும் கானா பாடுகிறவர்களுக்குப் பின்னால் குடத்தைத் தட்டிக்கொண்டு திரிந்தவன். தாளம் கையில் இருந்தது. தடியால் கல்லில் தட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைக் கட்டினான்.

*"ஏரிக்குள்ள எரும,*
*எரும மேல கொக்கு,*
*கொக்கு காலு குச்சி,*
*குச்சி மேல தும்பி,*
*தும்பி பறந்து போச்சு,*
*தொரத்திக்கினு யாரு போச்சு?"*

கேட்டுவிட்டு நிறுத்தினான். பிரின்சி சுற்றுமுற்றும் பார்த்தது.

"யாரு போச்சு?"

"...பிரின்சி போச்சு" என்றது மெதுவாக.

"ஆங்! பிரின்சி போச்சு!" தடியைத் தூக்கி ஆட்டினான்.

மறுபடியும் பாடினான். எருமைக்குக் கன்னத்தை உப்பிக் காட்டினான். கொக்குக்கு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். அவன் ஏற்கெனவே ஒற்றைக் காலில்தான் நின்றான். குழந்தையும் நின்று, ஆடி, விழுந்தது. விழுந்தபடியே "தும்பி" என்றது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் பாடினார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு சொல்லை விட்டான், அது எடுத்துப் போட்டது.

மறுநாள் மதியம் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவன் ஆரம்பித்தான். "ஏரிக்குள்ள..."

"எரும!"

நின்றுவிட்டது. ராத்திரி தாண்டி ஞாபகத்தில் நின்றுவிட்டது. ராஜமாணிக்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் முகத்தில் காட்டாமல், விளையாட்டாக மாற்றிப் பாடினான். "கொக்கு மேல எரும..."

பிரின்சி அவனைப் பார்த்தது. புருவத்தைச் சுருக்கியது. "இல்ல நைனா."

"ஏன் இல்ல? அப்படித்தான்."

"இல்ல! எரும குண்டு. மேல உக்காந்தா கொக்கு செத்துப்பூடும்!"

சாயங்காலம் ஹெலன் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதற்குள் அவன் தெருமுனைக்கே போய் நின்றான். தடியோடு அவன் நிற்பதைப் பார்த்ததும் அவள் ஓட்டமாக வந்தாள்.

"இன்னாங்க ஆச்சு? புள்ளைக்கு இன்னா?"

"எரும குண்டுன்னுச்சு ஹெலனு. கொக்கு செத்துப்பூடும்னுச்சு."

"இன்னா ஒளற்றீங்க?"

"காரணம் சொல்லுது! ஏன்னு கேட்டா காரணம் சொல்லுதுமே!"

அதற்குப் பிறகு காலனியில் எதுவும் அவர்கள் பாட்டுக்குத் தப்பவில்லை. கிரேஸின் இட்லிப் பானைக்கு ஒரு பாட்டு. பழவேற்காட்டிலிருந்து வண்டியில் வரும் நண்டுக்கு ஒரு பாட்டு. அதில் நண்டு ஒவ்வொரு காலாக எதையாவது தொலைத்துக்கொண்டே போகும், இன்னும் எத்தனை கால் மிச்சம் என்று பிரின்சி சொல்ல வேண்டும். கல்பனா மிஸ்ஸிடம் போய் ஆங்கிலப் பாட்டுகளின் அர்த்தத்தைக் கேட்டுவந்தான். பூனை வருகிற பாட்டுக்குத் தெருப் பூனையைக் காட்டினான், மணி அடிக்கிற பாட்டுக்குச் சர்ச் மணியைக் காட்டினான். எல்லாமே நின்றுவிடவில்லை. சில நாள் குழந்தை முறுக்கிக்கொண்டு ஒன்றுமே சொல்லாது. அப்படிப்பட்ட நாளில் அவனும் விட்டுவிட்டு அதனோடு தவளை பார்ப்பான்.

கிரேஸ் வாசலில் நின்று பார்த்தாள். "இன்னாடா, மில்லுல கம்பி இழுத்தவன் இப்போ கோமாளி வேஷம் கட்டிக்கினு கீற?" என்றாள். ஆனால் மறுநாள் கடையில் மாவு ஊற்றும்போது அவளே இட்லிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகச் சாப்பிட வந்தவர்கள் சொன்னார்கள்.

கால் புண் ஆற நாளாயிற்று. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதற்காக அவன் அடிக்கடி ரயிலேறி அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில், ஹெலன் கம்பெனியிலும் கிரேஸ் கடையிலும் இருந்ததால் பிரின்சியும் கூடப் போகும். ஜன்னலோரம் உட்காரவைத்து, அலுக்காமல் இருக்க ஒரு ரயில் பாட்டு கட்டினான். விரலை மடக்கி மடக்கிப் பாட வேண்டும்.

*"கும்மிடிப்பூண்டியில கூவிக்கினு கெளம்பும்,*
*கவரப்பேட்டையில கதவாண்ட நிக்கும்,*
*பொன்னேரி வந்தா பொட்டுக்கடல வாங்கும்,*
*அனுப்பம்பட்டுல ஆளு கொஞ்சம் எறங்கும்,*
*மீஞ்சூரு வந்தா மீன்கூட ஏறும்,*
*நந்தியம்பாக்கத்துல நவுந்து நவுந்து போவும்,*
*அத்திப்பட்டுல அடுப்புப் பொக தெரியும்..."*

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்ததும் பிரின்சி ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து "அடுப்பு, அடுப்பு" என்று கத்தும். பெட்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்தப் பாட்டே வினையாயிற்று.

வண்டி பொன்னேரியில் நின்றது. "நைனா, பொட்டுக்கடல!" என்றது பிரின்சி.

"வர்றப்போ வாங்கிக்கலாம்."

"இல்ல, பொன்னேரி வந்தா வாங்கணும். பாட்டுல கீது."

பிளாட்பாரத்தில், கைக்கெட்டும் தூரம்போல, கடலைக்காரன் நின்றான். வண்டி சிக்னலுக்காகக் கொஞ்சம் நிற்கும்போலிருந்தது. "எழுந்திருக்காத. இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு ராஜமாணிக்கம் இறங்கினான். கடலைக்காரன் பொட்டலத்தை மடித்துக் கொடுக்கும்போதே வண்டி நகர்ந்தது. நல்ல கால் இருந்திருந்தால் தாவி ஏறியிருப்பான். தடியை எறிந்துவிட்டு ஓடினான். புதுத்தோல் இழுத்துப் பிடித்தது. கம்பியைத் தொட்ட விரல் வழுக்கியது. பிளாட்பாரத்தில் குப்புற விழுந்தான். ஜன்னலில் பிரின்சியின் முகம் அவனைக் கடந்து போனது. அது அழக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே போனது.

அவனைத் தூக்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். வாய் குழறியது. "எம்பொண்ணு... வாய் தெறக்காது சார் அது. பெரிய மனுஷங்களப் பாத்தா பேசாது. பேரு கேட்டாக்கூட சொல்லாது."

ஸ்டேஷன் மாஸ்டர் போனை எடுத்து அடுத்தடுத்த ஸ்டேஷன்களுக்கு அடித்தார். அனுப்பம்பட்டில் வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். மீஞ்சூருக்கு லைன் கிடைக்கத் தாமதமானது. ராஜமாணிக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சென்ட்ரல் வரைக்கும் போய்விட்டால் என்று நினைத்துப் பார்த்தான். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. ஹெலனுக்குப் போன் செய்யவும் கை வரவில்லை. அவளுடைய போன் கம்பெனி லாக்கரில் இருக்கும் என்பதில்கூட அவனுக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

மீஞ்சூர் கிடைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நிறுத்தி, "இன்னா சொல்ற?" என்றார். பிறகு ராஜமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"செவப்பு கவுனா?"

"ஆமா சார், செவப்பு கவுனு!"

"மீஞ்சூர்ல எறங்கி உக்காந்துக்கினு கீதாம். ஒரு மீன்காரம்மா கூட. நீ வருவேன்னு சொல்லிச்சாம்யா."

அடுத்த வண்டியில் போய் இறங்கினான். பிளாட்பாரத்து பெஞ்சில், காலி மீன்கூடைகளுக்கு நடுவில், பிரின்சி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய உடம்புக்காரி. அவள் பேர் முத்தம்மா. கும்மிடிப்பூண்டியில் மீன் விற்றுவிட்டு எண்ணூருக்குத் திரும்புகிறவள். ராஜமாணிக்கம் தரையில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. முத்தம்மாவுக்கு வந்தது.

"நீதானா அந்த நைனா? உன்னியக் கட்டி வெச்சி ஒதைக்கணும்யா. புள்ளைய வண்டில வுட்டுட்டு எவனாச்சும் கடல வாங்குவானா?"

"தப்புதாம்மா."

"நான் ஒரு தூக்கம் போட்டுக்கினு கீறேன். எதுர சீட்ல இது தனியா முழிச்சிக்கினு கீது. ஒரு சத்தம் இல்ல. பேரு இன்னாம்மான்னு கேட்டா வாயத் தொறக்கல. அதுக்குள்ள நாலு பேரு கூடிட்டாங்க. ஒருத்தன் சென்ட்ரல்ல போலீஸ்கிட்ட குடுத்துடலாம்ன்றான். இன்னொரு அம்மா, வண்டி எங்க ஏறிச்சோ யாரு கண்டா, பேசாத புள்ள போலக் கீதுன்னுது. நான் சொன்னேன், இருங்கப்பா, சொம்மா மேல வந்து வுழாதீங்க. 'உங்க நைனா எங்க எறங்கிச்சு கண்ணு?'ன்னு கேட்டேன். இது இன்னாடான்னா வெரல மடக்கி மொணமொணன்னு பாடுது! வண்டி ஒரு ஸ்டேஷன்ல நின்னு ரெண்டு ஆளு எறங்கினாங்க. அதப் பாத்துட்டு, 'இது அனுப்பம்பட்டு. இதுக்கு முன்னாடி பொன்னேரி. நைனா பொன்னேரில கீது, பொட்டுக்கடல வாங்குது'ன்னுச்சு."

ராஜமாணிக்கம் குழந்தையின் முகத்தைப் பார்த்தான்.

"அது மட்டுமா? என் கூடையப் பாக்குது, என் மூஞ்சியப் பாக்குது. 'நீ மீஞ்சூர்லதான ஏறணும், ஏன் முன்னாடியே ஏறிட்ட?'ன்னு என்னையே அதட்டுது! பொட்டியே சிரிச்சிட்ச்சு. மீஞ்சூர்ல எறங்கலாமான்னேன். எறங்கலாம், அந்தப் பக்கம் வண்டி ஏறினா மொதல்ல அனுப்பம்பட்டு வரும், அப்பால பொன்னேரி வரும்னு சொல்லுது. இத யாருய்யா பேசாத புள்ளன்னு சொன்னது?"

பாட்டு முன்னோக்கித்தான் போகும். ராஜமாணிக்கம் ஒரு தடவைகூட அதைப் பின்னோக்கிச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவனுக்கே பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் தடுமாறும். பயந்துபோன நேரத்தில், தெரியாத ஆட்களுக்கு நடுவே, இது தானாகவே பாட்டைத் திருப்பிப்போட்டிருக்கிறது.

"நைனா" என்றது பிரின்சி, "கடல எங்க?"

பொட்டலம் பொன்னேரி பிளாட்பாரத்தில் எங்கோ சிதறிக் கிடந்தது. முத்தம்மா உரக்கச் சிரித்துக்கொண்டு தன் மடியிலிருந்து ஒரு வேர்க்கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சாயங்காலம் ஹெலன் வந்ததும் ராஜமாணிக்கம் எதையும் மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தான். "வண்டி நவுந்துட்ச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஹெலன் சாப்பாட்டுப் பையாலேயே அவன் தோளில் அடித்தாள். ஒன்று, இரண்டு என்று விழுந்துகொண்டேயிருந்தது. அவன் தடுக்கவில்லை. கிரேஸ் ஓடிவந்து பிடித்தாள்.

"வுடு ஹெலனு. புள்ள தோ கீது பாரு, நல்லா கீது."

ஹெலன் பிரின்சியை மடியில் இழுத்துப்போட்டு, கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. "இன்னாடி ஆச்சு? எங்கயாச்சும் அடிபட்ச்சா? பயந்துட்டியா?" பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் விழிக்கிற பிள்ளை அது.

பிரின்சி சொன்னது. வண்டி பொன்னேரியில் நின்றதிலிருந்து ஆரம்பித்தது. நைனா இறங்கியது, கீழே விழுந்தது, அப்புறம் மீன் நாற்றம் அடித்தது, அந்த அம்மா மூக்குத்தி போட்டிருந்தது, ஒரு தாத்தா போலீஸ் என்றது, அப்புறம் அனுப்பம்பட்டு, அப்புறம் மீஞ்சூர், அப்புறம் பெஞ்சு, அப்புறம் இரண்டு வண்டி நிற்காமல் போனது, அப்புறம் நைனா வந்து அழுதது.

"நான் அழுல" என்றான் ராஜமாணிக்கம்.

"அழுத. மூக்குல தண்ணி வந்துச்சு."

ஒன்றுகூட முன்பின்னாக மாறவில்லை. "அப்புறம், அப்புறம்" என்று கிரேஸ்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஹெலன் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வயிற்றில் பிறந்து, நாலு வயது தாண்டியும் நடந்ததைக் கோர்வையாகச் சொல்லாத மகள், இப்போது ஒரு நாளை முழுதாக எடுத்துத் தன் மடியில் வைக்கிறாள். தான் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று ஹெலனுக்கே தெரியவில்லை. கையை நீட்டிக் கணவனின் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். அவள் அடித்த தோளிலேயே தலையைச் சாய்த்தாள்.

"மொட்ட போட்டுடணும்" என்றாள் கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ நேந்துக்கல, நான் நேந்துக்கினேன். எனுக்கு நானே போட்டுக்கறேன்."

பங்குனியில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். கல்பனா மிஸ் மேசை மேல் நாலு படங்களைக் கலைத்துப் போட்டாள். ஒன்றில் மாவு, ஒன்றில் இட்லிப் பானை, ஒன்றில் தட்டில் இட்லி, ஒன்றில் காலித் தட்டு. "வரிசையா வை பாக்கலாம்" என்றாள்.

பிரின்சி படங்களைப் பார்த்தது. மாவு, பானை, இட்லி. காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது. ஹெலன் மேசைக்கு மேல் குனிந்தாள். குழந்தை காலித் தட்டைக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தது.

"அது கடைசிலதானே வரும்மா?" என்றாள் மிஸ் மெதுவாக. "சாப்ட்டு முடிச்சப்புறம்தானே தட்டு காலியாகும்?"

"இல்ல மிஸ். சாப்ட்ட தட்டுல சட்னி ஒட்டிக்கினு இருக்கும். இது சுத்தமா கீது. எங்க அத்த மொதல்ல தட்டு கழுவி வெக்கும், அப்பாலதான் மாவு ஊத்தும்."

கல்பனா மிஸ் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தட்டு பளபளவென்று இருந்தது. சிரித்துவிட்டாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது பொய்யில்லைங்க. அன்னிக்கு அப்படித்தான் இருந்தா."

"ஆமா மிஸ்" என்றான் ராஜமாணிக்கம். "நீங்க சொல்லலைன்னா நான் இன்னும் செவுத்தப் பாத்துக்கினு இருந்திருப்பேன்."

"யு.கே.ஜி.க்கு அனுப்பிடலாம். இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் வரணும். வந்துடும்." பிறகு தயங்கிக் கேட்டாள். "பிரின்சி கிளாஸ்ல பாடற அந்த ரயில் பாட்ட எனுக்கு ஒரு வாட்டி சொல்றீங்களா? என் கிளாஸ்ல பாதிப் பசங்க அந்த வண்டிலதான் போய் வர்றாங்க."

அவன் கூச்சப்பட்டான். ஹெலன் அவன் விலாவில் இடித்தாள். பாதிப் பாட்டுக்குள் பக்கத்து வகுப்பு டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். 'மீன்கூட ஏறும்' வந்தபோது பிரின்சி குறுக்கிட்டு, "அது முன்னாடியேகூட ஏறும்" என்று திருத்தியது.

சித்திரை வெயில் ஆரம்பித்தபோது டாக்டர் அவனுக்கு வேலைக்குப் போகலாம் என்று எழுதிக்கொடுத்தார். உருளைப் பக்கம் வேண்டாம், கிரேன் பக்கம் நில் என்று மில்லிலும் சொல்லிவிட்டார்கள். விடியற்காலையில் புது பூட்ஸை மாட்டிக்கொண்டு அவன் நெடுஞ்சாலை ஓரம் வந்து நின்றான். ஹெலனும் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். எழுந்திருக்கவே எழுந்திருக்காத பிரின்சி அன்றைக்கு எழுந்து, கிரேஸின் இடுப்பில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்திருந்தது. கடையில் இட்லிப் பானையிலிருந்து ஆவி கிளம்பியது.

பஸ் வந்தது. துளசிராமன் படிக்கட்டில் தொங்கியபடி, "வாடா ராஜமாணிக்கம், வா!" என்று கத்தினான். உள்ளேயிருந்து விசில் பறந்தது. ராஜமாணிக்கம் இடது காலைப் படியில் ஊன்றி ஏறினான். கால் தாங்கியது.

"நைனா!" என்று கூப்பிட்டது பிரின்சி. அத்தையின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, பஸ்ஸுக்கு நேரே நின்றுகொண்டு, ஒரு காலைத் தரையில் தட்டித் தட்டி, அதுவரை அந்தக் காலனியில் யாரும் கேட்டிராத ஒரு பாட்டைப் பாடியது:

*"நைனா காலு ஆறிப்போச்சு,*
*பஸ்ஸு மேல ஏறிப்போச்சு,*
*சாங்காலம் தூறிப்போச்சு..."*

அதற்கு மேல் வரவில்லை. வானத்தைப் பார்த்தது. யோசித்தது. டிரைவர் கியரில் கை வைத்தபடி காத்திருந்தார். ஷிப்டுக்குப் போகிற அத்தனை பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் காத்திருந்தார்கள்.

*"நைனா வந்தா ஊடு ஊடாச்சு!"*

பஸ் முழுக்கக் கைதட்டினார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமல், பாலம் தாண்டும்வரை அடித்துக்கொண்டே போனார்.